சோப்வித் கேமல் 1:16 மரக் கிட்: துணி போர்த்தாத விமானத்தைக் கட்டுவது எப்படி இருக்கிறது?

சோப்வித் கேமல், முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானம். மாடல் ஏர்வேஸ் நிறுவனத்தின் 1:16 கேமல், துணி போர்த்தாமல் காட்சிக்கு வைப்பதற்கென்றே வடிவமைத்த கிட். பறக்காது. ரிப் (சிறகுக்கு வளைவு தரும் குறுக்குச் சட்டம்), ஸ்பார் (சிறகின் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு), லாஞ்சரான் (உடலின் நீளவாக்குக் குச்சி), குறுக்குக் கம்பி, எஞ்சின் எல்லாம் வெளியே தெரிய, 1917-ல் தொழிற்சாலையில் துணி ஏறுவதற்கு முன் அந்த விமானம் எப்படி இருந்திருக்குமோ அப்படி நிற்கும். ரேடியோ கண்ட்ரோல் விமானம் தேடுபவர்களுக்கும், ஒரு விடுமுறையில் முடிக்க ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது. கப்பல் மாடலோ பால்சா விமானமோ ஒன்றிரண்டு முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வோம்.

முதலிலேயே சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு. இந்த மாதிரிக் கிட்டில் மாடல் கெட்டுப்போவது பெரும்பாலும் வேலையின் வரிசை மாறுவதால். துளை போட வேண்டிய இடத்தில் துளை போடாமல் சட்டத்தை ஒட்டிவிடுவது, சாயம் ஏற்ற வேண்டிய மரத்தில் முதலில் பசையைத் தடவிவிடுவது, காக்பிட்டை நிரப்பிவிட்டு அதற்குப் பின்னால் கம்பி இழுக்கப் பார்ப்பது. துணி போர்த்தும் மாடலில் இந்தப் பிழைகள் எல்லாம் துணிக்கு அடியில் மறைந்துவிடும். இங்கே எதுவும் மறையாது. அதனால் இந்த மதிப்பீட்டில் எந்த வேலை எதற்கு முன் வர வேண்டும் என்பதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

அளவும் பெட்டியும்

அசல் கேமலின் சிறகு முனைக்கு முனை 28 அடி, நீளம் 18 அடி 9 அங்குலம். 1:16-ல் அது 21 அங்குலச் சிறகும் 14 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உடலும் ஆகிறது. மில்லிமீட்டரில் 533, 357. உயரம் ஏறக்குறைய 162 மி.மீ. ரிப்பும் கம்பியும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது, அலமாரியில் வைக்கும் அளவுக்குச் சிறியது. இந்த வகை மாடலுக்கு 1:16 மிகச் சரியான அளவு என்பது எங்கள் கருத்து. 1:24-க்குப் போனால் கம்பி இணைப்புகள் வெறும் புள்ளியாகிவிடும்.

பெட்டிக்குள் லேசரில் வெட்டிய பாஸ்வுட் பலகைகள், குச்சிகள், பிரிட்டானியா உலோக வார்ப்புகள், ஃபோட்டோ எட்ச் முறையில் (அமிலத்தால் அரித்து) வெட்டிய பித்தளைத் தகடுகள், வரைபடங்கள், கையேடு. பெட்டியைத் திறந்ததும் எதையும் வெட்டி எடுக்க வேண்டாம். முதல் வேலை, பாகப் பட்டியல் தாளோடு ஒவ்வொரு பலகையையும் ஒப்பிட்டு எண்களைப் பென்சிலால் பாகத்தின் மேலேயே எழுதுவது. ரிப்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். உடலோடு சேரும் வேர்ப் பக்கத்து ரிப்புக்கும் நடு ரிப்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு சின்ன வெட்டுதான். பலகையிலிருந்து பிரிந்த பிறகு எது எது என்று கண்டுபிடிப்பது பெரிய தலைவலி.

தனியாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியவை: 0.3, 0.4, 0.5 மி.மீ. டிரில் பிட்டுகளும் அவற்றைப் பிடிக்கும் கைத்துளைப்பானும், நுனி வளையாத இடுக்கி, சின்ன மூலைமட்டம், 220, 320, 400 எண் உப்புத்தாள், 11-ம் எண் பிளேடு ஒரு கட்டு, உலோகப் பிரைமர், மெழுகு நீக்கிய ஷெல்லாக், நிஜமாகவே சமமான ஒரு பலகை. கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். பலகையில் ஒரு மில்லிமீட்டர் முறுக்கு இருந்தால் சிறகிலும் அதே முறுக்கு வரும். கனமான கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய கார்க் ஒட்டிக்கொண்டால் ஊசியும் குத்தலாம், சமமாகவும் இருக்கும்.

மரத்தைத் தயார் செய்தல்

லேசர் வெட்டின் ஓரம் கருகியிருக்கும். அது லேசரின் இயல்பு. கருகிய பரப்பில் வெள்ளைப் பசை சரியாக ஊறாது. காய்ந்த பிறகு தட்டினால் கரித்தூளோடு பெயர்ந்து வரும். அதனால் ஒட்டும் இடங்களில் கரியைச் சுரண்டியே ஆக வேண்டும். மற்ற இடங்களிலும் சுரண்டுவது நல்லது, ஏனென்றால் வெளிர் நிற மரத்தில் கறுப்பு ஓரம் ஒவ்வொரு ரிப்பையும் கோடு போட்டது போலக் காட்டும்.

இங்கேதான் ஆர்வக் கோளாறு ஆபத்தாகிறது. ரிப்பின் வெளி ஓரத்தைத் தேய்க்கலாம். ஸ்பார் நுழையும் பள்ளத்தின் உட்புறத்தைத் தேய்க்கக் கூடாது. பிளேடின் முதுகால் ஒரே ஒரு இழுப்பு போதும். பள்ளம் கால் மில்லிமீட்டர் அகன்றால் ரிப் ஸ்பாரில் ஆடும், ஆடிய ரிப் சாய்ந்து காயும், சாய்ந்த ரிப் வரிசையில் தனியாகத் தெரியும். ஒரே வடிவ ரிப்களை எல்லாம் ஒன்றாக அடுக்கி, ஸ்பார் பள்ளங்களில் சரியான அளவுக் குச்சியை நுழைத்து, கிளிப் போட்டுக் கட்டாகத் தேய்ப்பதே சரியான வழி. எல்லா ரிப்பும் ஒரே உயரத்தில் வரும். கட்டைப் பிரிப்பதற்கு முன், சிறகின் உள்ளே குறுக்காகப் போகும் கம்பிகளுக்கான துளைகள் இருக்கின்றனவா என்று வரைபடத்தோடு சரிபார்க்கவும். சிறகைக் கட்டி முடித்த பிறகு ரிப்பின் நடுவில் துளை போட டிரில்லை நுழைக்க இடமே இருக்காது.

அடுத்தது சாயம். பாஸ்வுட் சாயத்தைத் திட்டுத் திட்டாகக் குடிக்கும் மரம். முதலில் மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் நன்றாக நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு, அது காய்ந்ததும் 400 உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல், அதன் பிறகு சாயம். ஒட்டும் முகங்களில் மெல்லிய டேப் ஒட்டி ஷெல்லாக் படாமல் காக்க வேண்டும். ஒட்டிய பிறகு சாயம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், பசை கசிந்த ஒவ்வொரு மூட்டிலும் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் அது போகாது.

அசலில் லாஞ்சரான்கள் ஆஷ் மரம், இடைக்குச்சிகளும் சிறகு ஸ்பார்களும் ஸ்ப்ரூஸ். கிட்டில் எல்லாமே பாஸ்வுட் என்றாலும் லாஞ்சரான்களுக்குச் சற்று வெளிர் சாம்பல் கலந்த நிறமும், மற்றவற்றுக்கு இளம் தேன் நிறமும் கொடுத்தால் சட்டத்தின் அமைப்பு ஒரு பார்வையில் புரிந்துவிடும். கூடுதல் செலவில்லாமல் மாடலின் மதிப்பைக் கூட்டும் வேலை இது.

உடல் சட்டம்

கேமலின் உடல் நான்கு லாஞ்சரான்களும் குறுக்குக் குச்சிகளும் கம்பிகளும் சேர்ந்த ஒரு பெட்டி. இடது பக்கச் சட்டத்தை வரைபடத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கட்டி, அதை எடுக்காமல் மேலே இன்னொரு தாள் போட்டு வலது பக்கத்தையும் அங்கேயே கட்டுவது நல்லது. இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சாக வரும்.

குச்சிகளைத் தேர்ந்தெடுப்பதை அலட்சியப்படுத்த வேண்டாம். நான்கு லாஞ்சரான் குச்சிகளையும் மேசை விளிம்பில் ஒரே நீளம் நீட்டிப் பிடித்து, நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எது எவ்வளவு வளைகிறது என்று பாருங்கள். ஒரே மாதிரி வளைபவற்றை இடமும் வலமுமாக ஜோடி சேர்க்க வேண்டும். பின்பக்கத்தில் இரண்டு சட்டங்களையும் வால் நோக்கி ஒன்று சேர்க்கும்போது, விறைப்பான குச்சி குறைவாகவும் இளகிய குச்சி அதிகமாகவும் வளையும். வால், விறைப்பான பக்கம் ஒதுங்கிவிடும். பசை காய்ந்த பிறகு இதைத் திருத்த வழியில்லை. வளைவு அதிகமுள்ள இடத்தில் குச்சியைச் சுடுநீரில் ஊறவைத்து, வரைபடத்தின் மேல் ஊசிகளுக்கு நடுவே வளைத்து, ஓர் இரவு காயவிட்டு எடுப்பது பாதுகாப்பு.

இரண்டு பக்கங்களையும் நிறுத்திக் குறுக்குக் குச்சிகளைப் போடும்போது காக்பிட் பகுதியில் தொடங்குங்கள். அங்கே பக்கங்கள் ஏறக்குறைய இணையாக இருப்பதால் மூலைமட்டம் நேராக உட்காரும். அந்தப் பெட்டி சதுரமாகக் காய்ந்த பிறகே வாலைச் சேர்க்க வேண்டும். பலகையில் நடுக்கோடு ஒன்று கிழித்து, ஒவ்வொரு குறுக்குக் குச்சியின் நடுவிலும் பென்சில் புள்ளி வைத்து, மேலிருந்து நூல் பிடித்துப் பார்த்தால் ஒதுக்கம் உடனே தெரியும்.

பசை விஷயத்தில் எங்கள் தீர்ப்பு தெளிவானது: மரத்துக்கு மரம், மஞ்சள் அல்லது வெள்ளை மரப்பசை. உலோகத்துக்கு மரம், இரண்டு டியூப் எபாக்ஸி அல்லது கெட்டியான சூப்பர் க்ளூ. நீர்த்த சூப்பர் க்ளூவை மர மூட்டுகளில் விட்டால் நார் வழியாக ஓடிக் கறையாகப் படியும். அதன் ஆவி சாயம் ஏற்றிய மரத்தின் மேல் வெள்ளைப் படலமாக உட்காரும். மரப்பசை கசிந்தால் உடனே ஈரத் தூரிகையால் துடைத்துவிட வேண்டும். காய்ந்த பசைத் துளி விளக்கொளியில் பளபளக்கும், மாடல் எங்கே இருந்தாலும் கண் அங்கேதான் போகும்.

உடலின் குறுக்குக் கம்பிகளைக் காக்பிட் சாமான்கள் உள்ளே போவதற்கு முன் முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பக்கவாட்டில் ஒரு பெருக்கல் குறி, மேலும் கீழும் அதே போல. எரிபொருள் தொட்டி, இருக்கை, கட்டுப்பாட்டுக் கோல் எல்லாம் உள்ளே போய்விட்டால் விரல் மட்டுமல்ல, இடுக்கிகூட நுழையாது.

சிறகுகள்

கேமலை மற்ற இரட்டைச் சிறகு விமானங்களிலிருந்து தனித்துக் காட்டுவது சிறகுகளின் அமைப்பு. மேல் சிறகு தட்டையாக, ஒரே நேர்கோட்டில் இருக்கும். கீழ்ச் சிறகு மட்டும் இரு பக்கமும் 5 பாகை மேல்நோக்கி ஏறும். முதலில் இரண்டு சிறகுகளுக்கும் ஏற்றம் தருவதாகத்தான் திட்டம். தயாரிப்பு எளிதாக வேண்டும் என்று மேல் சிறகைத் தட்டையாக்கி, கீழ்ச் சிறகின் ஏற்றத்தை அதிகமாக்கினார்கள். முன்னாலிருந்து பார்த்தால் நடுவில் இடைவெளி அதிகம், முனைக்குப் போகப்போகக் குறையும். இந்தக் கோணம் சற்றுத் தவறினாலும் அது கேமலாகத் தெரியாது.

5 பாகை என்றால் உடலோடு சேரும் இடத்திலிருந்து 200 மி.மீ. தள்ளி 17.5 மி.மீ. உயர வேண்டும். அந்த உயரத்துக்கு இரண்டு மரத்துண்டுகளைத் துல்லியமாக வெட்டி, ஒரே தூரத்தில் இரு பக்கமும் முட்டுக் கொடுத்துச் சிறகை ஒட்டினால் கோணம் தானாக வந்துவிடும். கண்ணால் மதிப்பிட்டு ஒட்டினால் ஒரு பக்கம் நிச்சயம் தாழும்.

சிறகைக் கட்டும்போது முன், பின் ஸ்பார் இரண்டையும் ரிப்களில் கோத்து, பசை போடாமலே பலகையில் ஊசிகளால் நிறுத்தி, எல்லா ரிப்பும் நேராக நிற்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகு ஒவ்வொரு மூட்டிலும் பசையைத் தொட்டு வைக்க வேண்டும். பின்விளிம்பு மிக மெல்லியது. அதற்கு அடியில் முட்டுக் கொடுக்காவிட்டால் ரிப்பின் வால் தொங்கிப்போய் சிறகு முறுகும். முழு ரிப்களுக்கு நடுவே, முன்விளிம்பிலிருந்து முன் ஸ்பார் வரை மட்டும் வரும் குட்டி ரிப்களும் கேமலில் உண்டு. அவை எளிதில் ஒடியும், தெறித்தால் தரையில் தேடிக் கிடைக்காது. கூடுதலாக நாலைந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு சிறகுப் பகுதிகளிலும் எலெரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க, பின்விளிம்பில் அசையும் பகுதி) உண்டு. அவற்றைச் சிறகோடு சேர்த்தே கட்டி, பின்பு வெட்டிப் பிரிப்பது நேர்த்தியான வழி. தனியாகக் கட்டினால் ரிப்களின் வளைவு ஒரு கோட்டில் நிற்பது கடினம்.

ஸ்ட்ரட்களுக்கான (மேல் சிறகைத் தாங்கி நிற்கும் குச்சிகள்) உலோகப் பற்றுகளும் அவற்றில் கம்பி மாட்டும் துளைகளும் சிறகு மேசையில் தட்டையாகக் கிடக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். இதை எத்தனை முறை அழுத்திச் சொன்னாலும் தகும். சிறகு இரண்டும் நின்ற பிறகு 0.4 மி.மீ. பிட்டைச் சாய்த்துப் பிடித்துத் துளை போட முயன்றால் பிட் முறியும், முறிந்த நுனி ஸ்பாருக்குள்ளேயே இருந்துவிடும்.

மேல் சிறகை ஏற்றுதல்

மொத்தக் கிட்டிலும் கடினமான கட்டம் இதுதான். உடலின் மேல் நிற்கும் நான்கு கேபேன் ஸ்ட்ரட்கள் மேல் சிறகின் நடுப்பகுதியைத் தாங்குகின்றன. பக்கத்துக்கு ஒரு ஜோடி ஸ்ட்ரட் இரண்டு சிறகுகளையும் இணைக்கிறது. மேல் சிறகு கீழ்ச் சிறகைவிட முன்னால் தள்ளி நிற்கும். அசலில் 18 அங்குலம், மாடலில் 28.6 மி.மீ. ஆக, ஒரே நேரத்தில் உயரம், முன்தள்ளல், இடவலச் சமம், சாய்வு என நான்கும் சரியாக அமைய வேண்டும். கையால் பிடித்துக்கொண்டு ஒட்டும் வேலை இல்லை இது.

கெட்டி அட்டையிலோ 3 மி.மீ. பிளைவுட்டிலோ இரண்டு தாங்கிகள் வெட்டுங்கள். வரைபடத்தின் பக்கத் தோற்றத்திலிருந்து கீழ்ச் சிறகின் மேல் வளைவையும் மேல் சிறகின் அடி வளைவையும் நகல் எடுத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள உருவத்தை அப்படியே வெட்டினால் போதும். ஆனால் கீழ்ச் சிறகு ஏறிக்கொண்டே போவதால், தாங்கியை எந்த ரிப்பில் வைக்கிறோமோ அந்த ரிப்பின் உயரத்துக்குத்தான் அது சரியாக இருக்கும். இடமும் வலமும் ஒரே எண் ரிப்பில் வைக்க வேண்டும். தாங்கிகளில் மேல் சிறகை உட்காரவைத்து ரப்பர் பேண்டால் லேசாகக் கட்டி, மேல் சிறகின் இரு முனைகளிலிருந்தும் வால் தூணின் நுனி வரை நூலால் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வரும் வரை சிறகை நகர்த்தி, அதன் பிறகுதான் ஸ்ட்ரட்டின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும்.

வெட்டிய ஸ்ட்ரட் இடத்தில் சரியாக உட்காரவில்லை என்றால் பிழை பெரும்பாலும் கீழ்ச் சிறகின் ஏற்றத்தில் இருக்கும். ஸ்ட்ரட்டைக் குறைத்துப் பொருத்தினால் பிழை மேல் சிறகுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ஏற்றத்தைத் திரும்ப அளக்கவும்.

ஒட்டும் வரிசை: முதலில் கேபேன் ஸ்ட்ரட்களின் அடி, பிறகு அவற்றின் தலை, எபாக்ஸி முழுதாக இறுகிய பின் வெளி ஸ்ட்ரட்கள். ஐந்து நிமிட எபாக்ஸி இங்கே அவசரப்படுத்தும். மெதுவாக இறுகும் வகையைப் பயன்படுத்தினால் அளந்து திருத்த நேரம் கிடைக்கும்.

கம்பி வேலை

கம்பிகளின் பொறுப்பு தெரிந்தால் வரிசை தானாகப் புரியும். உடலின் அடியிலிருந்து வெளி ஸ்ட்ரட்டின் தலைக்குப் போகும் கம்பிகள் பறக்கும்போது சிறகு மேலே மடங்காமல் இழுத்துப் பிடிப்பவை. மேல் சிறகின் நடுவிலிருந்து வெளி ஸ்ட்ரட்டின் அடிக்கு வருபவை தரையில் நிற்கும்போது சிறகு தொங்காமல் தாங்குபவை. முன் ஸ்ட்ரட்டுக்கும் பின் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே குறுக்காக வருபவை சிறகின் சாய்வைக் கட்டுப்படுத்துபவை. இழுத்துக் கட்டினால் மாடலிலும் இவை இதே வேலையைச் செய்யும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று தளரும்.

முதலில் கேபேன் ஸ்ட்ரட்களுக்கு இடையிலான பெருக்கல் குறி. அது முடிந்தால் மேல் சிறகு பக்கவாட்டில் ஆடாது. அடுத்து தாங்கும் கம்பிகள், இடது ஒன்று வலது ஒன்றாக மாற்றி மாற்றி. பிறகு பறத்தல் கம்பிகள், அதே முறையில். கடைசியில் ஸ்ட்ரட்களுக்கு நடுவிலான குறுக்கு. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சிறகு முதல் பக்கம் இழுபட்டிருக்கும்.

எதைப் பயன்படுத்துவது? பருத்தி நூல் வேண்டாம். காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இறுகித் தளரும், பிசிரும் தெரியும். நைலான் இழை நீளும். எலாஸ்டிக் நூல் உடலின் உட்கம்பிகளுக்கும் சிறகின் உட்கம்பிகளுக்கும் நன்றாகப் பொருந்தும். இழுவிசை மிகக் குறைவு என்பதால் சட்டம் வளையாது. வெளிக் கம்பிகளுக்கு எங்கள் தேர்வு துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. கேமலின் வெளிக் கம்பிகள் உருண்டையானவை அல்ல, காற்றைக் கிழிக்கும் தட்டை வடிவில் உருட்டியவை. அசலில் கால் அங்குலம் அகலம் உள்ள ஒரு கம்பி இந்த அளவில் 0.4 மி.மீ. ஆகும். அந்த அகலத்தில் தட்டைக் கம்பி கிடைத்தால் அதுவே மிகச் சிறப்பு, கிடைக்காவிட்டால் 0.3 மி.மீ. உருண்டைக் கம்பி கண்ணை உறுத்தாது.

எஃகுக் கம்பியை இழுத்துக் கட்ட வேண்டாம். டிவைடரால் துளைக்குத் துளை அளந்து, அந்த நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் 0.8 மி.மீ. பித்தளைக் குழாயில் 3 மி.மீ. துண்டைக் கோத்து, லேசாக வில்லாக வளைத்து இரு துளைகளிலும் இறக்கினால் தானே நேராகி நிற்கும். குழாய்த் துண்டு முனைக்கு நகர்ந்து துளையை மறைத்து, கம்பி இறுக்கும் திருகு போலவே தோன்றும். நூலை முறுக்கி இழுத்த மாடல்களில் மாதங்கள் போகப்போக மெல்லிய பாஸ்வுட் ஸ்பார் வளைந்துவிடுகிறது; இழுவிசையே இல்லாத கம்பியில் அந்தக் கவலை இல்லை. இதற்கு விலை ஒன்று உண்டு: சட்டம் கோணலாக இருந்தால் கம்பியால் அதை நிமிர்த்த முடியாது.

வால் தளத்துக்கும் சுக்கானுக்கும் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிகள், மேல் கீழ் எலெரான்களை இணைக்கும் கம்பிகள் ஆகியவை நெளியும் கேபிள்கள். அவற்றுக்கு எலாஸ்டிக் நூலே சரி.

உலோக வேலை

பிரிட்டானியா உலோகம் வெள்ளீயத்தில் ஆண்டிமனியும் செம்பும் கலந்தது. மென்மையானது. வார்ப்பு ஓரத்துப் பிசிறை நுண்ணிய அரத்தால் எடுக்கலாம், பிளேடாலும் சீவலாம். மெலிந்த வார்ப்புகள் வளைந்திருந்தால் விரலால் மெதுவாக நிமிர்த்தலாம். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துவிடும். பெயிண்ட் பிடிக்க வேண்டுமானால் சோப்பு நீரில் கழுவி, உலோகப் பிரைமர் அடித்தே ஆக வேண்டும்.

எஞ்சின் இந்தக் கிட்டின் முகம். கேமல்களில் பரவலாக இருந்த கிளெர்ஜே 9பி, 130 குதிரைத்திறன், ஒன்பது சிலிண்டர். சுழலும் எஞ்சின்: கிராங்க் தண்டு விமானத்தோடு பிணைந்து அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். ஒன்பதை வட்டத்தில் பகிர்ந்தால் 40 பாகைக்கு ஒன்று. காகிதத்தில் அந்தக் கோணங்களை வரைந்து, நடுவில் ஊசி குத்தி, அதன் மேல் எஞ்சினின் நடுப்பகுதியை வைத்து ஒவ்வொரு சிலிண்டராக ஒட்டினால் கோணல் வராது. கிளெர்ஜேயில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தள்ளுகோல், ஆக 18. வார்ப்பில் வரும் தடித்த கோல்களை வெட்டிவிட்டு 0.5 மி.மீ. எஃகுக் கம்பியைப் போட்டால் எஞ்சினின் தோற்றமே மாறிவிடும். நிறம்: சிலிண்டர்களுக்கு எஃகு நிறம், அதன் மேல் நீர்த்த கறுப்பை ஓடவிட்டுத் துடைத்தால் குளிர்விப்பு வளையங்களின் பள்ளங்களில் நிழல் தங்கும். கட்டிக் கறுப்பு அடித்தால் அத்தனை வளையங்களும் காணாமல் போகும்.

ஃபோட்டோ எட்ச் பித்தளையைச் சட்டத்திலிருந்து வெட்ட, அடியில் கண்ணாடியோ அக்ரிலிக்கோ இருக்க வேண்டும். ரப்பர் மேட்டின் மேல் வெட்டினால் பாகம் அழுந்தி வளையும். விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியின் துளைகள் உள்ள உறையை உருட்ட வேண்டுமானால் முதலில் தகட்டைச் சூடாக்கி இளக்க வேண்டும்: சின்ன தீயில் காட்டி, நிறம் மாறத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும், மெல்லிய தகடு நொடியில் உருகிவிடும். ஆறிய பிறகு டிரில் பிட்டின் தண்டின் மேல் வைத்து, பென்சில் அழிப்பானால் அழுத்தி உருட்டினால் குழாயாக வரும். இந்தத் துப்பாக்கிகளின் பின்பகுதியை மூடியிருந்த திமில் போன்ற மூடியால்தான் விமானத்துக்கு ஒட்டகம் என்ற பெயரே வந்தது. எனவே அந்தப் பகுதியில் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவிடலாம்.

ப்ரொப்பெல்லரை மாட்டும் முன் திசையைப் பார்க்கவும். விமானியின் இடத்திலிருந்து பார்த்தால் எஞ்சின் வலஞ்சுழி. முன்னால் நின்று பார்த்தால் இடஞ்சுழி. தடித்த, உருண்ட விளிம்புதான் காற்றை முதலில் வெட்டும் விளிம்பு. தவறாக மாட்டிய ப்ரொப்பெல்லர் பலரின் மாடலில் கண்ணில் படுகிறது, விஷயம் தெரிந்தவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

மற்றவை

காக்பிட் சிறியது. பிரம்பு முடைந்த இருக்கையை மெழுகு தடவிய நூலால் முடைந்துகொள்ளலாம். வார்ப்பில் இருப்பதைவிட நன்றாக வரும். சக்கரம் அசலில் 700 மி.மீ. விட்டம், மாடலில் 44 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கேமலின் அச்சு நடுவில் பிரிந்து இரண்டாக அசையும் வகை, முனைகளில் ரப்பர் கயிறு சுற்றியிருக்கும். அந்தச் சுற்றை வெள்ளை எலாஸ்டிக் நூலால் காட்டலாம். சக்கரங்களை மாட்டும் முன் இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகின்றனவா என்று சமப் பலகையில் பார்த்துவிடுங்கள்.

உடலின் முன்பக்கம் அலுமினியத் தகடு, காக்பிட் பக்கம் பிளைவுட், பின்பக்கம் துணி என்பது அசலின் அமைப்பு. இந்தப் பகுதிகளில் ஒரு பக்கத்தை மட்டும் மூடி, மறுபக்கத்தைத் திறந்துவிடுவது சிலருக்குப் பிடிக்கும். எங்களுக்கு முழுதாகத் திறந்திருப்பதே பிடிக்கிறது. விமானி, எஞ்சின், துப்பாக்கி, எரிபொருள் என்று எடையெல்லாம் முன்பக்கத்து ஏழு அடிக்குள் திணித்திருப்பதால்தான் கேமல் அத்தனை சட்டென்று திரும்பியது, புதிதாக ஓட்டக் கற்றவர்களை அத்தனை பேரைப் பலிவாங்கியது. அந்த நெருக்கத்தை மூடாத மாடலில்தான் நேரில் பார்க்க முடியும்.

யாருக்கு?

முன்பு எதுவும் கட்டாதவர்கள் இதை வாங்க வேண்டாம். கில்லோஸ் நிறுவனத்தின் 1:12 பால்சா கேமல், 28 அங்குலச் சிறகு, டிஷ்யூ காகிதம் போர்த்துவது. ரிப்பையும் ஸ்பாரையும் கையாளப் பழகுவதற்கு அது போதும், பிழைகளைக் காகிதம் மூடிக்கொள்ளும். அதைக் கோணல் இல்லாமல் முடித்தவர்கள் இதற்கு வரலாம். கப்பல் மாடல் கட்டியவர்களுக்குக் கம்பி வேலை எளிதாக இருக்கும், சிறகைச் சமமாக நிறுத்துவது புதிதாக இருக்கும்.

வாங்குபவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கான செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். திறந்த சட்டத்தில் படியும் தூசியைத் துடைக்க வழியில்லை. தூரிகை பட்டாலே குட்டி ரிப் ஒடியும். உட்புறம் 600 மி.மீ. அகலம், 430 ஆழம், 230 உயரம் இருந்தால் நாலு பக்கமும் கை நுழைய இடம் இருக்கும். பெட்டியை மாடல் முடிந்த பிறகு வாங்கலாம் என்று இருக்காமல், அடிப்பலகையை மட்டுமாவது முன்பே செய்துவைத்து, மேல் சிறகு ஏறியதிலிருந்து மாடலை அதன் மேலேயே வைத்து வேலை செய்யுங்கள். கம்பி மாட்டிய சட்டத்தைக் கையில் தூக்கும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு குச்சி அழுந்துகிறது. பலகையைப் பிடித்துத் திருப்பினால் மாடலைத் தொடவே வேண்டியதில்லை.